குருதி கூறும் சான்று

சென்னை மாநகரினின்றும் வடக்கே கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர நாட்டின் எல்லைக்கு அணித்தாய் அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்த இவ்வூரின் சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பை உருக்குவனவும், உருக்கிய இரும்பைக் கம்பியாக நீட்டுவனவும், வண்டி உறுப்புக்களை வார்ப்பனவுமாகிய தொழிற்சாலைகள் பல இரவென்றும் பகலென்றும் பாராது நடைபெறுகின்றன. தமிழரேயன்றிப் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களினின்றும் வந்த தொழிலாளரும் அங்கு உழைத்து வாழ்கின்றனர். உலைமுன் நிற்பார் மேனி எக்காலும் வியர்வையில் நனைந்தேயிருக்கும். சுமை தூக்குவார் தோளும் மார்பும் எந்நாளும் நோவோடேயிருக்கும். ஆதலின், இருதய நோயின் முதற்குறிகளாகிய வியர்வையும் மார்பு நோவும் அவர்பால் தோன்றுங்கால், அவை நோயின் குறிகளோ தொழிலின் குறிகளோ என்று பகுத்தறிதல் எளிதன்று. வாயுக் கோளாறென்று ஒருவர் கூற, சுளுக்கென்று மற்றொருவர் கூற, ஒரு குப்பி சோடாவைக் குடித்துவிட்டு மீண்டும் உலைமுன் சென்று நிற்பாரும் உளர்.

இவ்வையத்தை அறுத்தற்கு இக்கால மருத்துவர் கைக்கொள்ளும் வழிகளுள் ஒன்று, ட்ரோபோனின் என்னும் பொருளை இரத்தத்தில் அளந்தறியும் சோதனையாகும். சிறு நகரங்களிலுள்ள ஆய்வுக்கூடங்களிலும் இன்று இது செய்யப்பெறுகின்றது. எனினும், சோதனைத் தாளில் கண்ட எண்ணின் பொருள் விளங்காமையால், அஞ்ச வேண்டாதார் அஞ்சி நடுங்குதலும், அஞ்ச வேண்டியார் அஞ்சாது வீடு திரும்புதலும் நிகழ்கின்றன. இவ்விரண்டனுள் பின்னையது உயிரையே வாங்குவது.

தமிழிலக்கியம் பயிலும் யாம் மருத்துவம் பேசப் புகுதல் அன்பர் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். சோதனைத் தாள் ஆங்கிலத்தில் அச்சிடப்பெற்று, அம்மொழி அறியாதார் பலர் கையிற் சேர்கின்றது. அவரோ, தம் தெருவிற் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை யாரென்று தேடி, 'இதைச் சற்றுப் படித்துச் சொல், தம்பி' என்று நீட்டுகின்றனர். அத் தம்பியோ தங்கையோ நம்முள் ஒருவராயிருத்தல் கூடுமன்றோ? மருத்துவர் தொழிலை நாம் மேற்கொள்ளல் தகாது. ஆயின், அவர் எழுதியதன் பொருளைத் திரித்துக் கூறாமலிருக்கும் அளவுக்கேனும் அறிந்திருத்தல் நம் கடனாகும். அதுகுறித்தே இக்கட்டுரை எழுந்தது.

இருதயமாவது, அவரவர் கைமுட்டி அளவினதாகிய ஒரு தசைப்பை. அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை சுருங்கி விரிகின்றது. ஒரு நாட் கணக்கிற் பார்ப்பின், இஃது ஒரு லட்சம் முறைக்கு மேற்படும். உடல் முழுதுக்கும் இரத்தத்தை ஊட்டும் இவ்வுறுப்புக்கும் இரத்தம் வேண்டும். அதனை ஊட்டும் குழாய்கள் இருதயத்தின் மேற்புறத்தை ஒரு மகுடம்போற் சூழ்ந்து கிடத்தலின், முடியுருத் தமனிகள் எனப் பெயர் பெறும். அக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, நாளடைவில் தடிப்பேறி, ஒருநாள் அத்தடிப்பு வெடித்துவிடுமாயின், அவ்விடத்தே இரத்தம் உறைந்து வழியை அடைத்துக்கொள்ளும். அடைப்புக்கு அப்பாலுள்ள தசை உயிர்வளி பெறாது வாடும்; அடைப்பு நீங்காதாயின் மடியும். மடிந்த இருதயத் தசை மீண்டும் வளர்வதில்லை என்னலாம். அவ்விடத்தில் வடுவே எஞ்சும். இதனையே மாரடைப்பு என்கின்றோம்.

இனி, ட்ரோபோனின் யாதென ஆராய்வாம். தசையின் ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் ஆக்டின், மயோசின் என்னும் இருவகை நுண்ணிழைகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லுதலே தசை சுருங்குதலாம். அவை எக்காலும் பற்றிக்கொண்டேயிருப்பின் தசை விறைத்துப்போம். பற்ற வேண்டுங் காலத்துப் பற்றவும், விட வேண்டுங் காலத்து விடவும் செய்தற்கு ஒரு வாயில்காப்போன் வேண்டும். அவ்வாயில்காப்போனே ட்ரோபோனின் என்னும் புரதம். கால்சியம் வந்து தொட்டவுடன் அது வழிவிடுகின்றது. கால்சியம் அகன்றவுடன் வழியை மறிக்கின்றது. இதனைக் கண்டறிந்து பெயரிட்டவர் ஜப்பான் நாட்டு அறிஞர் செத்சுரோ எபாஷியும் அவருடன் உழைத்தோரும் ஆவர். 1965-ஆம் ஆண்டில் அப்பெயர் வழக்குக்கு வந்தது. பின்னர் ஆராய்ந்தோர், அது சி, ஐ, டி என்னும் மூன்று கூறுகளின் சேர்க்கை என்று கண்டனர். இவற்றுள் ஐ, டி என்னும் இரண்டும் இருதயத் தசையில் ஓர் அமைப்பாகவும், கை கால் முதலியவற்றின் தசையில் வேறோர் அமைப்பாகவும் இருக்கின்றன. இந்த வேறுபாடே சோதனைக்கு அடிப்படை. இருதயத் தசை காயமுறின், அதன் உயிரணுச் சுவர் சிதைந்து, உள்ளிருந்த ட்ரோபோனின் இரத்தத்தில் கசிகின்றது. ஆகவே, இரத்தத்தில் அது மிகுந்திருத்தல் இருதயத் தசை காயமுற்றதற்குச் சான்றாகின்றது.

இதற்கு முன்னர் மருத்துவர் வேறு சான்றுகளைக் கொண்டிருந்தனர். 1954-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்து ஆராய்ச்சியாளர், மாரடைப்புற்றார் இரத்தத்தில் ஒருவகை நொதிப்பொருள் பெருகுவதைக் கண்டனர். ஆயின் அந்நொதி ஈரலிலும் பிற தசைகளிலும் உள்ளதாகலின், ஈரல் கெட்டாலும் அது பெருகும். அதன்பின் வந்த கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதியோ, உடற்றசை அனைத்திலும் உள்ளது. நாள் முழுதும் இரும்புப் பாளம் சுமந்தவன் இரத்தத்தைச் சோதிப்பின், அவன் இருதயம் நலமாயிருப்பினும் அந்நொதி மிகுந்தே காணப்படும். கும்மிடிப்பூண்டி போன்றதோர் ஊரில் அச்சான்றை வைத்து வழக்குத் தீர்ப்பது எத்துணை அரிதென்பது கூறாமலே விளங்கும். 1980-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், இருதயத்துக்கே உரிய ட்ரோபோனினைப் பிரித்தறியும் முறைகள் தோன்றின. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்தில் ஹூகோ காட்டுஸ் என்பாரும் அவர் குழுவினரும் ட்ரோபோனின் டி சோதனையை 1989-இல் வெளியிட்டனர். 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இருதய மருத்துவச் சங்கங்கள் கூடி, மாரடைப்பைத் துணிதற்கு ட்ரோபோனினே சிறந்த சான்றென ஏற்றன. உழைப்பாளியின் தசைநோவையும் இருதய நோவையும் வேறு பிரித்துக் காட்டவல்ல சான்று அன்றுதொட்டு மருத்துவர்க்குக் கிடைத்தது.

ஆயின், இச்சான்றுக்கும் ஓர் இயல்புண்டு. அது காலந்தாழ்த்தியே பேசும். இதனை நம் மாவட்டத்து ஆறு ஒன்றைக் கொண்டே விளக்கலாம். திருவள்ளூர்க்கு மேற்கே, கொசத்தலை ஆற்றின் குறுக்கே, 1944-இல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கம் உள்ளது. மழைக்காலத்தில் அதன் மதகுகள் திறக்கப்படின், வெள்ளம் ஆற்றுவழியே பாய்ந்து எண்ணூரில் கடலை அடையும். மதகு திறந்த அப்பொழுதே எண்ணூர்க் கரையில் ஒருவன் நின்று, 'ஆற்றில் நீர் ஏறவில்லை, ஆகவே மதகு திறக்கப்படவில்லை' என்று சொல்வானாயின், அவன் கண்டது மெய், துணிந்தது பொய். வெள்ளம் வழியிலே வந்துகொண்டிருக்கின்றது. அவ்வாறே, தமனி அடைபட்டவுடன் ட்ரோபோனின் இரத்தத்தில் வந்து நிற்பதில்லை. பழைய முறைச் சோதனைகளில், நோவு தொடங்கி 3 முதல் 6 மணி நேரம் சென்ற பின்னரே அது அளவுக்கு மிஞ்சித் தோன்றும். இப்பொழுது வழங்கும் நுண்ணுணர்வுச் சோதனைகள் 1 முதல் 3 மணி நேரத்திற்குள் அதனைக் காட்டவல்லன. பெரும்பாலும் 12 முதல் 24 மணிக்குள் உச்சத்தை அடைந்து, பின் மெல்லத் தணிந்து, ஒரு வாரமோ அதற்கு மேலோ இரத்தத்தில் தங்கும்.

இதனால் பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. இக்கட்டுரையில் வேறு யாவற்றை மறப்பினும் இதனை மறத்தலாகாது. நோவு தொடங்கிய சிறிது நேரத்துக்குள் எடுத்த இரத்தத்தில் ட்ரோபோனின் இல்லையென்று வருதல், மாரடைப்பு இல்லையென்பதற்குச் சான்றாகாது. குறித்த நேரம் கழித்து இரண்டாம் முறையும் இரத்தம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். நுண்ணுணர்வுச் சோதனையாயின் 1 முதல் 3 மணி கழித்தும், பழைய முறையாயின் ஏறத்தாழ 6 மணி கழித்தும் மருத்துவர் இதனைச் செய்வர். சில ஆய்வுக்கூடங்களில் ஓர் அட்டையின்மேல் இரத்தத்துளியை இட்டுக் கோடு தோன்றுகின்றதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. அது விரைவில் முடிவது. எனினும் உண்டு இல்லையென்றே கூறுமன்றி, சிறிய ஏற்றங்களைக் காட்ட வல்லதன்று.

இரண்டாம் அளவு வேண்டுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மாரடைப்பில் ட்ரோபோனின் ஏறும், அன்றி ஏறி இறங்கும், ஓரிடத்தில் நில்லாது. சிறுநீரகம் நெடுநாட் பழுதுற்றார்க்கும், இருதயம் தளர்ந்தார்க்கும், அது நாள்தோறும் சற்று மிகுந்தேயிருக்கும். ஆயின் மணிக்கு மணி மாறுவதில்லை. ஆகவே ஓர் எண் நின்ற நிலையைக் காட்டும். இரண்டு எண்களே நடந்த செய்தியைக் காட்டும்.

இனித் தாளிலுள்ள எண்ணைப் படிக்கும் முறையைக் காண்பாம். ட்ரோபோனின் நானோகிராம் என்னும் அளவையாற் குறிக்கப்பெறும். ஒரு கிராமை 100 கோடி கூறாக்கின் அதில் ஒரு கூறே நானோகிராம். சில கூடங்கள் ஒரு மில்லிலிட்டர்க்கு இத்துணை நானோகிராம் என எழுதும். வேறு சில, ஒரு லிட்டர்க்கு இத்துணை என எழுதும். முன்னதில் 0.04 என்பதும் பின்னதில் 40 என்பதும் ஒன்றே. ஒரு கூடத்தில் 0.04 என்று கண்டவர் மறுநாள் வேறொரு கூடத்தில் 40 என்று கண்டு, ஆயிர மடங்கு பெருகிற்றென்று அலறுதல் வேண்டா, 0.5 என்று கண்டு, அரையளவுதானே என்று அமைதல் அதனினும் தீது. சோதனைக் கருவிக்கு ஏற்ப எல்லையும் வேறுபடும். நோயற்றார் 100 பேரை நிறுத்தினால், அவருள் 99 பேர் அளவு எதற்குட்படுமோ அதுவே எல்லையெனக் கொள்ளப்படுகின்றது. நுண்ணுணர்வு ட்ரோபோனின் டி சோதனையில் இவ்வெல்லை லிட்டர்க்கு 14 நானோகிராம். ட்ரோபோனின் ஐ சோதனைகளுக்குக் கருவிதோறும் வெவ்வேறு எல்லையுண்டு. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனி எல்லை வகுப்பதும் உண்டு. ஆதலின், ஒரு கூடத்து எண்ணை மற்றொரு கூடத்து எல்லையோடு ஒப்பிடல் கூடாது. அதே தாளில், அந்த எண்ணுக்கு அருகே அச்சிடப்பெற்ற எல்லையோடு மட்டுமே ஒப்பிடல் வேண்டும்.

எல்லையைக் கடந்ததென்றே கொள்வோம். அஃது எதனைக் கூறுகின்றது? இருதயத் தசை காயமுற்றது என்பதனை. எதனாற் காயமுற்றது என்பதனை அது கூறுவதில்லை. தமனி அடைபட்டதனாலன்றி, இருதயத் தசையின் அழற்சியாலும், நுரையீரற் குழாயில் இரத்தக்கட்டி அடைத்ததனாலும், இரத்தத்தில் நச்சுக்கிருமி பரவியதனாலும், இருதயம் அளவிறந்து விரைவாகத் துடித்ததனாலும் ட்ரோபோனின் ஏறும். நெடுந்தூர ஓட்டம் ஓடிய நலமுடையார்க்கும் சிறிது ஏறி விரைவில் தணிதல் உண்டு. தொழிற்பேட்டை சார்ந்த இடங்களில் நினைவிற் கொள்ளற்பாலன இன்னும் இரண்டுள. கடும் வெப்பத்தால் உடல் தாக்குண்டு மயங்கி வீழ்ந்தார்க்கும், அரைகுறையாக எரியும் நெருப்பினின்று எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளியை உட்கொண்டார்க்கும் இருதயத் தசை காயமுறல் கூடும். இந்நச்சுவளிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே, நோயாளி எவ்விடத்தில் எத்தொழில் செய்துகொண்டிருந்தார் என்பதனை மருத்துவர்க்கு உரைத்தலும் உடன் செல்வார் கடமையாகும்.

மோசேயின் நியாயப்பிரமாணத்தில், ஒரே சாட்சியை நம்பி ஒருவன்மீது குற்றத்தை நிறுத்துதல் கூடாதென்றும், இரண்டு மூன்று சாட்சிகள் ஒத்திருத்தல் வேண்டுமென்றும் விதிக்கப்பட்டிருத்தலை நம்மிற் பலர் ஞாயிறு பாடசாலையிலேயே கற்றிருப்போம். இருதய நோயின் வழக்கிலும் மருத்துவர் அம்முறையே கொள்கின்றனர். நோயாளி தம் வாயாற் கூறும் நோவு ஒரு சாட்சி. இருதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் வரைந்து காட்டும் ஈ.சி.ஜி. இரண்டாம் சாட்சி, ட்ரோபோனின் மூன்றாம் சாட்சி. இம்மூன்றையும் கேட்டே தீர்ப்புக் கூறப்படும்.

ஆயின், சாட்சிகளுள் முன் வருவது எது பின் வருவது எது என்பது உயிர்நிலையான செய்தி. மார்பு நோவோடு வந்தவர்க்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தல் வேண்டுமென்பது உலகெங்கும் மருத்துவர் கொண்ட விதி. அவ்வரைபடத்தில் பெருந்தமனி ஒன்று முற்றும் அடைபட்டதற்குரிய குறி தோன்றுமாயின், ட்ரோபோனின் முடிவுக்குக் காத்திருத்தல் தகாது. அப்பொழுதே உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தை ஊசிவழி ஏற்றுதலோ, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்குதலோ செய்தல் வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் தசை மடிந்துகொண்டேயிருக்கும். இரத்தச் சோதனை இன்றியமையாததாவது, ஈ.சி.ஜி. தெளிவாக ஒன்றும் கூறாது நிற்கும்பொழுதே. ஆகவே, மார்பு நோவுடையவர் தாமாகவே ஓர் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று இரத்தம் கொடுத்து, முடிவு வரும்வரை வீட்டிற் படுத்திருத்தல் பெருந்தவறு. செல்ல வேண்டிய இடம் ஆய்வுக்கூடமன்று, மருத்துவமனையே.

வேறொரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். இருமுறை எடுத்தும் ட்ரோபோனின் எல்லைக்குட்பட்டிருக்குமாயின், தசை காயமுறவில்லை என்பது ஒருவாறு தேறும். அதுகொண்டு தமனிகள் யாவும் நலமாயுள்ளன என்று துணிதல் இயலாது. குழாய் குறுகியிருந்தும் தசை இன்னும் காயமுறாத நிலை உண்டு. இன்று தப்பியது நாளை தப்புமென்பது உறுதியன்று. நீரிழிவுடையார்க்கும் முதியோர்க்கும் பெண்டிர்க்கும் மார்பு நோவு கடுமையாயின்றியே நோய் வருதலும் உண்டு. மூச்சுமுட்டல், குமட்டல், தாடையிலோ இடக்கையிலோ முதுகிலோ ஒருவகை இறுக்கம், காரணந் தெரியாத அயர்வு என இவற்றுள் ஒன்றாகவே அது தோன்றக்கூடும். வியர்வையைப் பற்றி உலைத் தொழிலாளர் அறியவேண்டுவது ஒன்றுண்டு. உலையைவிட்டு நிழலில் வந்து அமர்ந்த பின்னும் குளிர்ந்த வியர்வை நில்லாது பெருகுமாயின், அது வெப்பத்தின் வியர்வையென்று தள்ளத்தக்கதன்று.

இதுகாறும் கூறியவற்றால், காலத்தே செய்யும் உதவி எத்துணைப் பெரிதென்பது விளங்கும். நம் தமிழ்நாடே இதற்கு நற்சான்று தந்துள்ளது. கோயம்புத்தூரைச் சார்ந்த மருத்துவர் தாமஸ் அலெக்சாந்தர், சென்னையைச் சார்ந்த மருத்துவர் அஜித் முல்லசாரி முதலியோர் ஒன்றுகூடி, சிறு மருத்துவமனைகளைப் பெரு மருத்துவமனைகளோடு ஆரமும் குடமும்போல் இணைத்து, சிற்றூரில் எடுத்த ஈ.சி.ஜி.யை அப்பொழுதே பெருநகர மருத்துவர் காணவும், நோயாளியை விரைந்து அனுப்பவும் வழிவகுத்தனர். 2012 முதல் 2014 வரை நடைபெற்ற இம்முயற்சியில் 2,420 நோயாளிகளின் நிலை ஆராயப்பட்டது. இணைப்பு ஏற்படுமுன் ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6 பேர், ஏற்பட்டபின் 14.2 பேர். 2017-இல் இவ்வாராய்ச்சி வெளியாயிற்று. புதுமருந்து ஒன்றும் கண்டுபிடிக்கப்படாமலே, உள்ள மருந்தை உரிய காலத்தில் உரியவரிடம் சேர்த்ததனாலாகிய பயன் இது. 2023-இல் தமிழ்நாட்டு அரசு 'இதயம் காப்போம்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாரடைப்பின் குறியோடு வருவார்க்கு வேண்டும் முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் வைத்தது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என்பன அவை. அவற்றை அங்குள்ளார் ஆராய்ந்து தருதல் நன்று. அறியாதார் தாமே விழுங்குதல் நன்றன்று.

கும்மிடிப்பூண்டியார்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. மாவட்டத் தலைநகராகிய திருவள்ளூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. எனினும் கும்மிடிப்பூண்டி வடக்கு இருப்புப்பாதையிலும் திருவள்ளூர் மேற்கு இருப்புப்பாதையிலும் இருத்தலின், ஒன்றினின்று மற்றொன்றுக்கு இரயிலிற் செல்ல விழைவார் சென்னையைச் சுற்றியே செல்லல் வேண்டும். நோவு தொடங்கிய பின்னர் எங்குச் செல்வதென்று வழியாராய்தல் காலத்தை வீணாக்கும். 108 என்னும் எண்ணுக்கு உரைத்து, அவ்வண்டியினர் காட்டும் இடத்துக்குச் செல்லுதலே தக்கது. இரு சக்கர வண்டியின் பின்னே நோயாளியை அமர்த்தி நெடுஞ்சாலையில் விரைதல் இரங்கத்தக்க துணிவு.

இவையெல்லாம் இருந்தும் உயிர் தப்பாமைக்குக் காரணம் மற்றொன்றுண்டு. அஃது ஆய்வுக்கூடத்தைச் சார்ந்ததன்று. முதற் சோதனையில் ஒன்றுமில்லையென்று வந்தபின், இரண்டாம் முறை இரத்தம் கொடுத்தற்குச் சில மணி நேரம் மருத்துவமனையில் காத்திருத்தல் வேண்டுமென்று கண்டோம். நாட்கூலி பெறும் தொழிலாளிக்கு அச்சில மணி நேரம் எளிதாய்க் கிடைப்பதன்று. வேலைமுறை தவறின் அன்றைய கூலி இல்லை. மறுநாள் அவ்வேலை தனக்கே கிடைக்குமோ என்பதும் ஐயம். ஒப்பந்தக்காரர் ஆள் எண்ணிக்கையைப் பார்க்கின்றார். உடன் வந்த தோழர்க்கும் திரும்ப வேண்டும். 'ஒன்றுமில்லையென்று தாளிலேயே வந்துவிட்டது' என்னும் சொல் எல்லார்க்கும் இனிதாகின்றது. ஆகவே அவன் எழுந்து போகின்றான். அறிவியல் அவனுக்குக் குறைவின்றி உதவ முன்வந்தது; காத்திருக்கும் பொழுதை மட்டும் அதனாற் கொடுக்க இயலவில்லை. அப்பொழுதைக் கொடுக்க வேண்டியவர் மனிதர். தொழிற்சாலையுடையாரும், ஒப்பந்தக்காரரும், மேற்பார்வையாளரும், மார்பு நோவென்று மருத்துவமனை சென்றவன் இரண்டாம் சோதனை முடியுமட்டும் அங்கிருத்தலை விடுப்பென்று எண்ணாது, வேலையின் பகுதியென்றே எண்ணுதல் வேண்டும். உலைக்கு அருகே தீயணைக்கும் வாளிகளை நிறுத்துவோர்க்கு இதன் நியாயம் விளங்காமற் போகாது.

மொழி பயில்வார்க்கும் இதில் ஒரு பணியுண்டு. 'நோவு எப்பொழுது தொடங்கிற்று?' என்பதே மருத்துவர் வினாக்களுள் தலையாயது. அதன் விடையை அறியாது ட்ரோபோனின் எண்ணை அறிந்தும் பயனில்லை. தமிழ் அறியாத ஒடிசா நாட்டு இளைஞன் நள்ளிரவில் அவ்வினாவுக்கு எங்ஙனம் விடை கூறுவான்? நம் தமிழரும் நெஞ்சு என்னும் ஒரே சொல்லால் மார்பையும் மனத்தையும் வயிற்றின் மேற்புறத்தையும் குறித்தலின், நெஞ்சு கரிக்கின்றது, நெஞ்சு அடைக்கின்றது, நெஞ்சு படபடக்கின்றது என்பனவற்றுள் எதனைக் கருதிற்றென்று வினாவித் தெளிதல் வேண்டும். எரிகின்றதா, அழுத்துகின்றதா, அசையுங்கால் மிகுகின்றதா, ஓய்ந்தால் தணிகின்றதா என்று பிரித்துக் கேட்டு, அவ்விடையைத் திரியாது மருத்துவர்க்கு எடுத்துரைப்பார், அந்நேரத்தில் ஒரு நல்ல உதவி செய்தாராவர்.

ஆதலின், அன்பர்காள்! எவரேனும் இச்சோதனைத் தாளைக் கொணர்ந்து காட்டுவாராயின், எண்ணைப் படிக்குமுன் ஐந்து வினாக்களைக் கேட்போமாக. நோவு எத்தனை மணிக்குத் தொடங்கிற்று? இரத்தம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது? ஈ.சி.ஜி. எடுத்தனரா? இரண்டாம் முறை இரத்தம் எடுத்தனரா, எப்பொழுது எடுப்பதாகக் கூறினர்? இவ்வெண்ணுக்கு உரிய அளவையும் எல்லையும் தாளில் யாவை? இவற்றுக்கு விடை கிடையாதாயின், எண் சிறிதாயிருப்பினும் பெரிதாயிருப்பினும், 'மருத்துவரிடம் மீண்டும் செல்லுங்கள், யாமும் உடன் வருகின்றோம்' என்பதே நாம் கூறத்தக்க விடை. 'ஒன்றுமில்லை' என்னும் சொல்லை மருத்துவர் கூறட்டும். அதுவும் இரண்டாம் துளி பேசிய பின்னரே கூறட்டும்.